யானை மறித்ததற்குச் சான்று

கோப்பு திரும்பி வந்துவிட்டது என்று சென்னகேசவன் சொன்னதும் யுவஸ்ரீ உட்கார இடம் தேடினாள். அவர் மேசைக்கு எதிரே இருந்த ஒரே நாற்காலியில் கோப்புகள் குவிந்திருந்தன. அவரே எழுந்து வந்து அவற்றைத் தரையில் இறக்கிவைத்தார்.

"உக்காருங்கம்மா. கொழந்தையத் தூக்கீட்டு எத்தன நேரம் நிப்பீங்க."

நவ்யா தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். நாலு மாதம் முடிந்துவிட்டது. குறைமாதத்தில் பிறந்ததால் பஸ்ஸில் பார்க்கிறவர்கள் இரண்டு மாதமா என்று கேட்பார்கள். தொண்டாமுத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்திலிருந்து கோயமுத்தூரில் இருக்கும் இந்த இ.எஸ்.ஐ. அலுவலகத்துக்கு இரண்டு பஸ் மாறி வரவேண்டும். பெண்களுக்குக் காசில்லாத பஸ்ஸில்தான் ஏறுவது என்று நின்றால் வந்து சேரவே பதினொரு மணி ஆகிவிடும். இது அவளுக்கு ஆறாவது தடவை. ஒரு தடவை நர்சிங் ஹோம் பில்லில் டாக்டர் கையெழுத்துக்குக் கீழே முத்திரை இல்லை. இன்னொரு தடவை ஆதாரில் ஒரு இனிஷியல், வங்கிப் புத்தகத்தில் ஒரு இனிஷியல். எல்லாவற்றையும் சரிசெய்து கொடுத்துவிட்டு, இனிமேல் பணம்தான் வரும் என்று நினைத்திருந்தாள்.

"இப்ப என்னங்க சார் கொற?"

சென்னகேசவன் அந்தப் பிரிவின் கண்காணிப்பாளர். ஓய்வுக்கு இன்னும் பதினொரு மாதம் இருந்தது. முதுகுவலிக்கு இடுப்பில் பட்டையான பெல்ட் கட்டியிருந்ததால் மெதுவாகத்தான் உட்கார்ந்தார். கோப்பைத் திறந்து ஒரு தாளைக் காட்டினார்.

"நீங்க பிரசவத்தன்னிக்கு அரசு ஆம்புலன்சுக்குப் போன் பண்ணியிருக்கீங்க. அந்தப் பதிவக் கேட்டு வாங்கியிருக்காங்க. வண்டி உங்க ஊருக்கு வந்திருக்குது. 'நோயாளி இடத்தில் இல்லை'ன்னு எழுதிட்டுத் திரும்பிருச்சு. அரசு வண்டி வந்தும் அதுல ஏறாம எதுக்குத் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனாங்கன்னு மேல கேக்கறாங்க. ஆபத்துன்னு போயிருந்தாத்தான் தனியார்ல செஞ்ச செலவத் திருப்பித் தர முடியும். விருப்பப்பட்டுப் போனதுன்னா முடியாதுங்கம்மா."

"விருப்பப்பட்டா?" அவள் குரல் உயர்ந்தது. குழந்தை அசைந்தது. தட்டிக்கொடுத்துக்கொண்டே, "வண்டி வரவே முடியலீங்க சார். யானை மறிச்சு நின்னுதுங்க. அதனாலதான் எங்கூட்டுக்காரர் குட்டியானையில போட்டுத் தூக்கீட்டுப் போனாருங்க" என்றாள்.

"குட்டியானையா மறிச்சுது?"

"இல்லீங்க. மறிச்சது நெசமான யானைங்க. குட்டியானை எங்க வண்டி. தக்காளி லோடு அடிக்கற வண்டிங்க."

பக்கத்து மேசையில் இருந்தவர் சிரித்தார். சென்னகேசவனுக்கும் உதடு நெளிந்தது. ஆனால் யுவஸ்ரீ சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"யானை விசயம் எங்கயும் இல்லியேம்மா" என்று தாள்களைப் புரட்டி ஒன்றை எடுத்து வாசித்தார். "'தவிர்க்க இயலாத காரணத்தாலும் வழியில் ஏற்பட்ட இடையூறு காரணத்தாலும் அருகிலுள்ள தனியார் மருத்துவமனையை நாட நேர்ந்தது.' இதுதான் உங்க வீட்டுக்காரர் குடுத்த கடிதம்."

அவள் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தாள். கீழே அவள் கணவன் ரூபனின் கையெழுத்து. மேலே இருந்த எழுத்து அவனுடையது இல்லை.

அன்றைக்கு நடந்ததில் இடையூறு என்ற சொல்லுக்குள் அடங்குவது எதுவும் இல்லை.

ஐப்பசி மாதம். விடியற்காலை ஐந்தே முக்கால் இருக்கும். பாத்ரூம் போக எழுந்தவளுக்குக் கால் வழியே சூடாக இறங்கியது. லைட்டைப் போட்டுப் பார்த்தால் ரத்தம். எட்டாம் மாதம் முடிந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் ஐந்தாம் மாதத்தில் ஒரு கரு இப்படித்தான் போனது. அதனால் இந்தத் தடவை ஒரு பரிசோதனையைக்கூட அவள் விடவில்லை. கிராமத்துச் செவிலியரிடம் பதிந்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் எல்லா ஊசியும் போட்டு, பிரசவத்துக்கு இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி என்று முடிவுசெய்து, பைகூடக் கட்டிவைத்திருந்தாள். அவள் பேக்கிங் வேலை பார்க்கும் பம்ப் கம்பெனியில் ஐந்து வருடமாகச் சம்பளத்தில் இ.எஸ்.ஐ.க்குப் பிடித்துவந்தார்கள். ஒரு பைசா செலவில்லாமல் பெற்றுவரலாம் என்று இருந்தாள்.

ரூபன் ஆம்புலன்சுக்குப் போன் செய்தான். இருபது நிமிடம் என்றார்கள். இருபது நிமிடம் கழித்து டிரைவரே கூப்பிட்டார்.

"ஏனுங்க, வாழத்தோட்டத்துக்கிட்ட ரெண்டு யானையும் ஒரு குட்டியும் ரோட்டுல நிக்குதுங்க. பாரஸ்ட்காரங்க வண்டிய உட மாட்டேங்கறாங்க. வெடி போட்டா குட்டி இருக்கறதால ஆளு மேல திரும்பிருமாமா. கொஞ்சம் பொறுங்க."

பொறுத்தார்கள். பாயில் விரித்திருந்த இரண்டாவது சேலையும் நனைந்தது. யுவஸ்ரீயின் அம்மா பழனியாத்தாள், "இன்னி பொறுத்தா எம்புள்ள இருக்க மாட்டா, மாப்ள" என்று கத்தினாள். ரூபன் வண்டியில் இருந்த தக்காளிக் கூடைகளை வாசலிலேயே தூக்கி எறிந்துவிட்டுத் தார்ப்பாயை மடித்து விரித்தான். யானை நின்ற ரோட்டை விட்டுவிட்டு, வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரி வழியாகத் தெற்கே ஓட்டினான். குண்டும் குழியுமான அந்தத் தடம் போய்ச் சேரும் இடத்தில் ஒரு நர்சிங் ஹோம் இருந்தது. அவன் ஆஸ்பத்திரியைத் தேர்ந்தெடுக்கவில்லை. அந்தத் தடம் அங்கேதான் போகும்.

நஞ்சுக்கொடி பிரிந்துவிட்டது, இன்னும் அரை மணி போயிருந்தால் இரண்டு உயிரும் இல்லை என்று டாக்டர் பிறகு சொன்னார். ஆபரேஷன். ரத்தம் மூன்று யூனிட். குழந்தை பதினொரு நாள் கண்ணாடிப் பெட்டியில். பில் ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம்.

தாலிக்கொடியை அடகு வைத்தும் பைனான்ஸில் வாங்கியும் கட்டினான் ரூபன். பில் போடும் இடத்தில் இருந்த மெர்சி என்ற பெண் ரசீதை நீட்டும்போது, "உங்க வீட்டம்மாவுக்கு இ.எஸ்.ஐ. இருக்குதில்லீங்க? எமர்ஜென்சின்னா செலவத் திருப்பிக் கேக்கலாமுங்க. எல்லாம் ஒரிஜினலா வெச்சுக்குங்க" என்றாள். 'கேட்கலாம்' என்று அவள் சொன்னது ரூபன் காதில் 'கிடைக்கும்' என்று விழுந்தது. பைனான்ஸ்காரனிடமும், யாரைப் பார்த்தாலும், "கவர்மென்டு முழுசாத் திருப்பிக் குடுத்துருதுங்க" என்று சொல்லிவந்தான்.

"இப்ப நான் என்ன பண்ணோணுங்க சார்?"

"யானை மறிச்சுதுன்னு யாராவது அதிகாரப்பூர்வமா எழுதிக் குடுக்கணும்மா. தேதியும் நேரமும் இடமும் இருக்கணும். வனத்துறையில கேட்டுப் பாருங்க." அவர் ஒரு துண்டுத் தாளில் குறித்துக் கொடுத்தார். "நான் கோப்ப மூடாம வெச்சிருக்கேன். ஒரு மாசம்."

வீடு திரும்பும்போது மணி நாலு. ரூபன் லோடு இறக்கிவிட்டு வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு நேராகக் கேட்டாள்.

"அந்த லெட்டர் ஆருகிட்ட எழுதி வாங்குனீங்க மாமா?"

"எந்த லெட்டரு? ஓ... தாலுக்கா ஆபீஸ் வாசல்ல ஒருத்தரு எழுதித் தந்தாரு. நூறு ரூவா குடுத்தேன். ஏன்?"

"யானைன்னு ஏன் எழுதல?"

அவன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினான். "நாஞ் சொன்னேன் புள்ள. அவருதான் ஆபீசுக்கு அப்படி எழுதக்கூடாதுன்னாரு. எனக்கும் அதான் பட்டுது. யானை வந்துது, பூனை வந்துதுன்னு எழுதுனா மலங்காட்டுக்காரன் கத உடறான்னு சிரிப்பாங்க."

"சிரிச்சாங்க. இன்னிக்கு என்னையப் பாத்துத்தான் சிரிச்சாங்க. நீங்க அங்க வரவேயில்ல."

"லோடு உட்டுட்டு எப்படி வாரது? ஒரு நாள் நின்னா வண்டி டியூ ஆரு கட்டுவா?"

"நாலு மாசக் கொழந்தையத் தூக்கீட்டு நான் போகலாம். வயித்துல தையலோட நான் போகலாம். நீங்க ஒரு நாள் வரக்கூடாது."

அவன் தட்டில் கை கழுவிவிட்டு எழுந்துபோய் வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டான். எங்கும் போகவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தான்.  குழந்தை எழுந்துவிட்டது.

வனச்சரக அலுவலகத்துக்கு அவள் இரண்டு நாள் கழித்துப் போனாள். மாசாணம் என்கிற வேட்டைத் தடுப்புக் காவலர் ஊர்ப்பழக்கத்தில் அவளை அடையாளம் கண்டுகொண்டார். பிரசவத்தன்று காலை ரோட்டில் ஆம்புலன்ஸைத் தடுத்து நிறுத்தியவரே அவர்தான். உடனே பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துத் தேதியைத் தேடினார்.

"இங்க பாருங்கம்மணி. அஞ்சு பத்துக்கு எறங்குச்சு. ஏழே கால் வரைக்கும் ரோட்ட உடல. பொறகுதான் ஆம்புலன்ஸ் உள்ள போச்சு. உங்களுக்குன்னு தெரிஞ்சிருந்தா நானே முதுகுல தூக்கீட்டு ஓடியாந்திருப்பேன்."

ஆனால் அவர் நோட்டுக்கு முத்திரை கிடையாது. ரேஞ்சர் பொறுமையாகக் கேட்டார், வருத்தப்பட்டார். பயிர்ச் சேதத்துக்கும் ஆள் சேதத்துக்கும்தான் சான்று தர விதி இருக்கிறது, ரோட்டை மறித்ததற்குத் தனியாக ஒன்றும் இல்லை என்றார். மேலிடத்துக்கு எழுதிக் கேட்கலாம், ஆனால் பதில் வர இரண்டு மாதமாவது ஆகும். யுவஸ்ரீயின் பேறுகால விடுப்பு அதற்குள் முடிந்துவிடும்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தபோது மாசாணம் வந்து சற்றுத் தள்ளி நின்றார்.

"அம்மணி, ஒண்ணு ரோசன பண்ணுனேன். அன்னிக்கு அந்த யானைக பங்காரம்மா தோட்டத்துல வாழையச் சாய்ச்சுப் போட்டுது. அதுக்கு நஷ்டஈடு கேட்டு மனு போட்டு, வி.ஏ.ஓ., ரேஞ்சர் எல்லாரும் போயி எழுதியிருக்காங்க. அதுல தேதி, நேரம், இடம் எல்லாம் இருக்கும். முத்திரையும் இருக்கும்."

யுவஸ்ரீக்கு முகம் வாடியது. பங்காரம்மாவிடம் போய் நிற்பதென்றால் அவளுக்கு அத்தனை சுலபமில்லை. பழனியாத்தாள் இருபது வருடம் அந்தத் தோட்டத்தில் களை எடுத்தவள். மகள் கம்பெனி வேலைக்குப் போனதும், தக்காளி அறுவடை நடுவில், இனிமேல் வரமாட்டேன் என்று நின்றுவிட்டாள். ஆள் கிடைக்காமல் பாதித் தக்காளி செடியிலேயே அழுகியது. அதிலிருந்து பங்காரம்மா எதிரே வந்தால் பழனியாத்தாள் தெருவின் மறுபக்கம் போய்விடுவாள்.

இருந்தும் போனாள். வேறு வழி இல்லை. பங்காரம்மா ஐம்பது வயதைத் தாண்டியவர். கணவர் இறந்தபிறகு ஒன்பது ஏக்கரையும் தனியாகப் பார்ப்பவர். மோட்டார் ரூமுக்கு வெளியே நின்று போனில் யாரிடமோ உர மூட்டைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். முடித்துவிட்டுத் திரும்பினார்.

"பழனியாத்தா புள்ளதான நீ?"

"ஆமாங்கம்மா."

விசயத்தைச் சொன்னாள். நடுவில் நிறுத்தாமல், தரையைப் பார்த்தபடியே சொன்னாள். ரத்தம் என்று வந்த இடத்தில் பங்காரம்மா, "இரு இரு" என்று தடுத்து, உள்ளேயிருந்து பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டார். அம்மா இந்தத் தோட்டத்தில் ஒரு நாளும் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை என்று யுவஸ்ரீக்கு நினைவு வந்தது. கால் வலித்ததால் உட்கார்ந்துவிட்டாள்.

"ஆம்புலன்ஸ் அக்கட்ட நின்னத நானும் பாத்தேன்" என்றார் பங்காரம்மா. "விளக்கு சுத்தீட்டே இருந்துது. நான் என்ற வாழையத்தான் பாத்துட்டு அழுதுட்டு இருந்தேன். உள்ள ஒருத்தி இப்படிக் கெடக்கறான்னு ஆருக்குத் தெரியும்."

"அந்தப் பேப்பரோட ஒரு ஜெராக்ஸ் வேணுங்கம்மா."

பங்காரம்மா யோசித்தார். "எனக்கே இன்னும் பணம் வரல. இருநூத்திப் பன்னெண்டு மரம் போச்சு. எழுதுனது நூத்தி அம்பது. அதுக்கே ஏழு தடவ நடந்துட்டேன். இந்தப் பேப்பர் எங்கயாச்சும் போயி ஏதாச்சும் கேள்வி வந்து என்ற பணம் நின்னு போகுமா?"

"தெரியலீங்கம்மா." பொய் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை.

 மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு பங்காரம்மா உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துவந்தார். ஒரிஜினலைக் கையைவிட்டுத் தரமாட்டேன் என்றார். ஸ்கூட்டியை எடுத்து, யுவஸ்ரீயைப் பின்னால் ஏறச் சொல்லி, குழந்தையோடு தொண்டாமுத்தூர் ஜெராக்ஸ் கடைக்கு அவரே ஓட்டிப்போனார். கடையில் நின்று மூன்று பிரதி எடுக்கச் சொன்னார். "யானைகள் தார்ச்சாலையில் காலை 7.15 மணி வரை நின்றதாக விசாரணையில் தெரியவருகிறது" என்ற வரியைக் கடைக்காரரிடம் பேனா வாங்கிப் பிரதியில் அடிக்கோடிட்டார்.

"உங்கம்மாளச் சும்மா ஒரு நாளைக்கு வரச் சொல்லு" என்றார் திரும்பும்போது. "வேலைக்கு இல்ல."

யுவஸ்ரீ அதை அம்மாவிடம் சொன்னாள். பழனியாத்தாள், "பாக்கலாம்" என்றாள். போனதாகத் தெரியவில்லை.

வாழைச் சேத அறிக்கையைச் சென்னகேசவன் இரண்டு தடவை படித்தார். ஒரு பிரசவக் கோப்புக்குள் வாழை மரக் கணக்கு வைப்பது அவர் முப்பத்து நாலு வருட வேலையில் இதுதான் முதல் தடவையாம். கோர்த்து, பக்க எண் போட்டு, குறிப்பு எழுதினார். எழுதி முடித்ததும் பேனாவை மூடிக்கொண்டே கேட்டார்.

"எவ்வளவு வரும்னு நெனச்சுட்டு இருக்கீங்கம்மா?"

"பில்லு முழுசும் வருமுங்களே சார்?"

அவர் தலையை ஆட்டினார். "பில்லுல என்ன போட்டிருக்குதுன்னு பாக்க மாட்டாங்க. இந்த ஆபரேஷனுக்கு இவ்வளவு, கொழந்தைய ஒரு நாள் பெட்டியில வெக்க இவ்வளவுன்னு அரசு ஒரு ரேட் வெச்சிருக்குது. அதுவரைக்கும்தான். நீங்க கட்டினதுல பாதிகூட வராமப் போகலாம். மனசத் தயார் பண்ணிக்குங்க."

"கர்ப்பிணிகளுக்குக் குடுக்கற உதவித்தொகையில மீதித் தவணை?"

"அது வேற, இது வேறம்மா. அது எங்க கையில இல்ல. நர்சம்மாகிட்டக் கேட்டீங்களா?"

கேட்டிருந்தாள். கர்ப்பமாக இருக்கும்போது ஒரு தவணை வந்துவிட்டது, பிரசவத்துக்கான தவணை அரசு ஆஸ்பத்திரியில் பெற்றால்தான் என்று செவிலியர் சொல்லியிருந்தார். இ.எஸ்.ஐ.யில் விடுப்புச் சம்பளம் மட்டும் ஒரு கேள்வியும் இல்லாமல் வந்துவிட்டது. இவை எல்லாம் ஒரே பணம், ஒரே அரசாங்கம், ஒரே வாசல் என்று அவள் நினைத்திருந்தாள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வாசல் இருந்தது. அதைப் புரிந்துகொள்வதற்கே நாலு மாதமும் ஏழு பயணமும் ஆகியிருந்தன.

"இத மொதல்லயே ஆராச்சும் சொல்லியிருந்தா..." என்று தொடங்கினாள். சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அன்றைக்கு அந்த இட்டேரியில் வேறு எங்கே போயிருக்க முடியும்? வாக்கியத்தை முடிக்காமல் எழுந்தாள்.

வைகாசியில் ஒரு சனிக்கிழமை செல்போனில் செய்தி வந்தது. நாற்பத்து மூவாயிரத்து அறுநூற்று ஐம்பது. அவள் வேலைக்குத் திரும்பி ஒரு மாதம் ஆகியிருந்தது. கம்பெனி கழிப்பறையில் மார்பில் கட்டிய பாலைப் பீய்ச்சிவிட்டு வெளியே வந்து செய்தியைப் பார்த்தாள். சந்தோசமாக இருக்கிறதா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். இடுப்புதான் வலித்தது.

ரூபன் அன்றே பைனான்ஸில் முப்பதாயிரம் கட்டினான். மீதி வட்டிக்குப் போனது. தாலிக்கொடி அடகிலேயே இருந்தது. இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் அவன் பில்களையும் கடிதங்களையும் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தான்.

"மேல்முறையீடு பண்ணலாமுன்னு போட்டிருக்குது புள்ள."

"என்னால முடியாதுங்க மாமா. இன்னொரு தடவ அந்தப் படி ஏறச் சொல்லாதீங்க."

"நீ ஏற வேண்டாம். நான் போறேன்."

அவள் நம்பவில்லை. ஆனால் திங்கட்கிழமை அவன் லோடுக்குப் போகவில்லை. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, காசு கொடுத்து பஸ் ஏறிப் போனான். பொழுது சாய்ந்துதான் திரும்பினான். முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"ரேட்டு அவ்வளவுதானாமா. சட்டப்படி சரியாத்தான் போட்டிருக்காங்களாமா. அந்தப் பெல்ட் கட்டுனவரு உக்கார வெச்சு ஒவ்வொண்ணாக் காட்டுனாரு." சட்டையைக் கழற்றாமலே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். "நாலு மணி நேரம் நின்னேன். காலு ரெண்டும் கடுத்துப் போச்சு. கைக்கொழந்தையோட எப்படிப் புள்ள நின்னே நீயி?"

 அவன் கேட்டுவிட்டான், அது போதும் என்றும் யுவஸ்ரீக்குத் தோன்றவில்லை. போதாது என்று சண்டை போடவும் தோன்றவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்து முடித்ததும் நவ்யாவைத் தூக்கி அவன் மடியில் வைத்தாள்.

"சட்டியில கொழம்பு இருக்குது. அவ அழுதா நீங்களே பாத்துக்குங்க. என்னைய எழுப்ப வேண்டாம்."

உள்ளே போய்ப் பாயை விரித்துப் படுத்தாள். வெளியே குழந்தை சிணுங்குவதும், ரூபன் எழுந்து அதைத் தோளில் போட்டு நடப்பதும் கேட்டது. எழுந்து போகலாமா என்று ஒரு கணம் கை ஊன்றினாள். பிறகு புரண்டு படுத்துக் கண்களை மூடிக்கொண்டாள்.